மாவைப் பார்த்து டாப்பிங் போடுங்கள்

வீட்டில் பீட்சா செய்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "மேல என்ன போட்டீங்க?" என்றுதான். மாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தமுண்டு. பீட்சா முதலில் ஒரு ரொட்டி. அது மெல்லியதா தடிமனானதா, எண்ணெயில் பொரிந்த அடியா, உள்ளே காற்றறை விட்டு உப்பியதா என்று முடிவான பிறகுதான் டாப்பிங் பற்றிய யோசனையே வர வேண்டும். இத்தாலியிலும் சரி, இத்தாலியர்கள் பிழைக்கப்போன ஊர்களிலும் சரி, ஒவ்வொரு வகை பீட்சாவிலும் மேலே இருப்பது அடியில் இருக்கும் மாவுக்குக் கட்டுப்பட்டே வந்திருக்கிறது. வீட்டில் செய்பவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நேப்பிள்ஸ் பீட்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இந்த நான்குதான். எண்ணெயும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. 1984-இல் அங்கே தொடங்கிய பீட்சாக்காரர்கள் சங்கம் இதற்கென்று விதிமுறையே எழுதி வைத்திருக்கிறது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதற்குப் பாரம்பரிய உணவு என்ற பாதுகாப்பைக் கொடுத்தது. நடுப்பகுதி 4 மில்லிமீட்டர் தடிமன், ஓரம் 1 முதல் 2 சென்டிமீட்டர், அடுப்பின் தளம் 485 டிகிரி செல்சியஸ், வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும் ஒரு மெல்லிய ரொட்டியின் மேல் எவ்வளவுதான் ஏற்ற முடியும்? அதனால்தான் மார்கரீட்டா என்ற வகையில் ஒரு பீட்சாவுக்குத் தக்காளி 100 கிராமைத் தாண்டுவதில்லை, மொஸரெல்லா சீஸும் அப்படித்தான். மரினாரா என்ற இன்னும் பழைய வகையில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். மார்கரீட்டா பீட்சாவை 1889-இல் இத்தாலிய ராணி மார்கரீட்டாவுக்காக ரஃபேலே எஸ்போசிட்டோ என்ற பீட்சாக்காரர் செய்தார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். அந்தக் கதையை வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் அந்த பீட்சாவின் அளவுச்சாப்பாட்டுக் கணக்கில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

நம் வீட்டு ஓடிஜி 250 டிகிரியோடு நின்றுவிடும். பல ஓவன்கள் 230-ஐத் தாண்டாது. நேப்பிள்ஸ் மாவை அப்படியே அதில் வைத்தால் மேல் பக்கம் சிவப்பதற்குள் உள்ளே ஈரம் வற்றிப்போய், வெளுத்து விறைத்த அப்பளமாக வெளியே வரும். நியூயார்க்கில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சர்க்கரை. எண்ணெய் ரொட்டியை மிருதுவாக வைத்திருக்கும், சர்க்கரை குறைந்த சூட்டிலும் நிறம் கொடுக்கும். வீட்டு ஓவனுக்கு இந்த நியூயார்க் வழிதான் பொருத்தம்.

என் அளவு இது: மைதா 300 கிராம், தண்ணீர் 185 மில்லி, உப்பு 7 கிராம், சர்க்கரை ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். கால் டீஸ்பூனா என்று பதறாதீர்கள். சென்னை வெயிலில் ஈஸ்ட் அதிகம் போட்டால் ஒரு மணி நேரத்தில் மாவு பொங்கி, புளித்த வாசம் மட்டும் மிஞ்சும். ஏழெட்டு நிமிடம் பிசைந்து, அரை மணி நேரம் வெளியே வைத்து, இரண்டு உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். இரண்டு நாள் இருந்தால் இன்னும் நல்லது. குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் மாவில் இயற்கையாக உள்ள நொதிகள் ஸ்டார்ச்சை உடைத்துச் சர்க்கரையாக்குவது நிற்காது. நிறமும் மணமும் அதிலிருந்து வருகின்றன. செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.

இந்த மாவைச் சப்பாத்திக் கட்டையால் தேய்க்காதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உருண்டையை மாவு தூவிய மேடையில் வைத்து, நடுவிலிருந்து வெளியே விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடவே கூடாது. அழுத்த அழுத்த, உள்ளே இருந்த காற்றெல்லாம் ஓரத்துக்கு நகர்வது கண்ணுக்கே தெரியும். தோலுக்கடியில் சின்னச் சின்னக் குமிழிகள் திரளும். பிறகு இரண்டு புறங்கையிலும் மாட்டி மெல்லச் சுழற்றினால் தன் எடையிலேயே விரிந்துவிடும். சுருங்கிச் சுருங்கி வந்தால் மாவு இன்னும் ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி வாருங்கள்.

ஓவனோடு வரும் அலுமினியத் தட்டை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. பழைய இரும்புத் தோசைக்கல்லைக் கவிழ்த்து மேல் தட்டில் வைத்து, முக்கால் மணி நேரம் முழுச் சூட்டில் காயவிடுகிறேன். கைப்பிடியில் பிளாஸ்டிக்கோ மரமோ இருக்கக் கூடாது. கனமான இரும்பு சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மாவு பட்டதும் அடியில் சட்டென்று இறக்கும். அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான் ஓரம் உப்பும். ரவை தூவிய மரப்பலகையில் பீட்சாவை விரித்து, டாப்பிங் போட்டு, ஒரே இழுப்பில் கல்லுக்குத் தள்ளிவிட வேண்டும். ஏழிலிருந்து ஒன்பது நிமிடம். ஓவனே இல்லாதவர்கள் அடுப்பில் கல்லைக் காயவைத்து, மாவை இருபுறமும் புள்ளி விழச் சுட்டு, திருப்பிய பக்கத்தில் சாஸும் சீஸும் போட்டு மூடி வைக்கலாம். மேலே சிவப்பு வராது. ஆனால் அடிப்பக்க ருசிக்குக் குறையிருக்காது.

தக்காளிக்கு வருவோம். நேப்பிள்ஸில் போடும் சான் மர்சானோ நீளமானது, சதை அதிகம், விதை குறைவு. நம் நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறுமாக ரசத்துக்கென்றே பிறந்தது. பீட்சாவுக்கு பெங்களூர்த் தக்காளிதான் கொஞ்சம் கிட்டே வருகிறது. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்கி, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, விதையை வழித்து, கையால் பிசைந்து, உப்புப் போட்டு வடிகட்டியில் அரை மணி நேரம் விடுங்கள். கீழே இறங்கும் தண்ணீரின் அளவைப் பார்த்தால், அது அத்தனையும் மாவில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று புரியும். அந்தத் தண்ணீர் அன்றைய ரசத்துக்கு. வடிகட்டியில் நிற்கும் சதையை அப்படியே பச்சையாகத் தடவலாம், ஓவனிலேயே வெந்துவிடும். ஒரு பீட்சாவுக்கு நான்கு ஸ்பூன் போதும்.

சீஸிலும் தண்ணீர்தான் பிரச்சினை. தண்ணீரில் மிதக்கும் ஃபிரெஷ் மொஸரெல்லா கிடைத்தால் கிள்ளிப்போட்டு, துணியில் ஒரு மணி நேரமாவது வடியவிடுங்கள். நீள வாக்கில் பாக்கெட்டில் வரும் ஈரம் குறைந்த மொஸரெல்லா ஓடிஜிக்குத் தோதானது. குறைந்த சூட்டில் கூடுதல் நேரம் வேகும்போதும் தாங்கும். பிராசஸ்டு சீஸ் வேண்டாம். அதில் சேர்க்கும் உப்புகள் சீஸை வழவழவென்று உருக வைக்குமே தவிர இழுவை தராது. திருநீற்றுப்பச்சிலை தெரியுமல்லவா, சப்ஜா விதை வருமே அந்தச் செடி? இத்தாலியர்களின் பேசிலும் அதே இனம்தான். நம்முடையதில் வாசம் தூக்கலாக இருக்கும், அதனால் பாதியளவு, அதுவும் இறக்கிய பிறகு.

கீழ்வீட்டு அக்காவுக்கு ஒரு நாள் இப்படி ஒரு மார்கரீட்டா கொண்டுபோனேன். தட்டைப் பார்த்ததுமே, "ஏம்மா, இவ்ளோ மெனக்கெட்டுச் செய்யுற, சீஸ கொஞ்சம் தாராளமா போடக் கூடாதா?" என்றார்.

"அக்கா, முதல்ல ஓரத்தக் கடிச்சுப் பாருங்க. அப்புறமா திட்டுங்க."

கடித்தார். மென்றுகொண்டே ஓரத்தைப் பிய்த்து உள்ளே இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். "இதே மாவுல எனக்கு நாலு பன்னு போட்டுத் தர்றியா?" என்று கேட்டார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவையில்லை.

தாராளமாகப் போட ஆசைப்படுபவர்களுக்குத் தடிமனான மாவு இருக்கிறது. அங்கே கை நீளலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது சிசிலியின் பலெர்மோ நகரத்து ஸ்ஃபின்ச்சோனே. சதுரத் தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு உப்பும் மிருதுவான ரொட்டி. மேலே நிறைய வெங்காயம் போட்டு வதக்கிய தக்காளி, நெத்திலி, காச்சோகவாலோ என்ற சீஸ், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெயில் பிசறிய ரொட்டித் தூள். ஆமாம், நெத்திலி. இத்தாலியர்கள் ஆஞ்சோவி என்று உப்பில் ஊறவைத்து எண்ணெயில் போட்டு வைப்பதும் நம் கடற்கரை நெத்திலியும் ஒரே குடும்பத்து மீன்கள். அந்த டப்பா இங்கே யானை விலை. நான் நெத்திலிக் கருவாட்டை எடுத்துக்கொள்கிறேன். தலையைக் கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மண் போக அலசி, ஈரம் ஒற்றி, எண்ணெயில் நாலு பல் பூண்டோடு சின்னத் தீயில் போட்டால் மொறுமொறுப்பாகி, கரண்டியால் நசுக்கினால் உதிரும். அந்த எண்ணெயிலேயே கால் கிலோ சின்ன வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து போட்டு, மூடி, நிறம் மாறி ஜாம் பதம் வரும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. பிறகு வடித்த தக்காளி, கொஞ்சம் மிளகாய்த்தூள். வடியாத கலவையாக இறுகியதும் இறக்கிவிடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும், கருவாட்டிலேயே இருக்கிறது.

மாவு மேலே சொன்னதே, தண்ணீர் மட்டும் 210 மில்லி. எண்ணெய் நன்றாகத் தடவிய தட்டில் மாவைப் பரப்பி, ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, விரலால் குழி குழியாக அழுத்தி, இந்தக் கலவையைத் தடவுங்கள். மேலே காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி எண்ணெய் விட்டுப் பிசறித் தூவ வேண்டும். 230 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம். ரொட்டித் தூள் ஏன் என்றால், வெங்காயத்தில் மிஞ்சிய ஈரத்தை அது குடித்துக்கொண்டு தானும் மொறுமொறுப்பாகிவிடும். இந்த பீட்சாவைச் சூடாகச் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஆறியபின் கருவாட்டு ருசி ரொட்டிக்குள் இறங்கி இன்னும் நன்றாக இருக்கும்.

தடிமன் வகையில் அடுத்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து பீட்சா. 1946-இல் பட்டீஸ் என்ற இடத்தில் தொடங்கியது. மோட்டார் தொழிற்சாலைகளில் உதிரி பாகங்கள் போட்டு வைக்கும் நீலம் பாரித்த இரும்புத் தட்டுகளில் சுட்டார்கள், அந்தச் செவ்வக வடிவம் அப்படி வந்ததுதான். இதன் உயிர் ஓரத்தில் இருக்கிறது. சீஸைத் தட்டின் சுவர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுவரோடு ஒட்டிய சீஸ் எண்ணெயில் பொரிந்து, கருஞ்சிவப்பு வேலி மாதிரி எழுந்து நிற்கும். சாஸ் சீஸுக்குக் கீழே போகாது, மேலே இரண்டு மூன்று பட்டைகளாக ஊற்றுவார்கள். மாவு நனையாமல் இருப்பதற்கு இதைவிட எளிய உபாயம் கிடையாது. அவர்கள் போடும் விஸ்கான்சின் பிரிக் சீஸ் நமக்குக் கிடைக்காது, மொஸரெல்லாவும் செடாரும் பாதிப் பாதி சரியாக வரும். கேக் டின் போதும். பெப்பரோனி என்ற காரமான இறைச்சித் துண்டுகளைச் சீஸுக்கு அடியில் வைப்பது அவர்கள் வழக்கம். அந்த இடத்தில் நான் சிக்கன் சுக்காவைப் பிய்த்துப் போடுகிறேன். சுக்கா என்றால் சுக்காதான், கிரேவி ஒரு சொட்டும் இருக்கக் கூடாது.

உருளைக்கிழங்கு போட்ட பீட்சா என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். மாவுக்கு மேல் மாவா என்று. ரோமில் இது அன்றாடச் சாப்பாடு. அங்கே நீளத் தட்டில் சுட்டு, கத்தரியால் வெட்டி, எடை போட்டு விற்கிறார்கள். வாட்டிகன் அருகே கப்ரியேலே போன்ச்சி 2003-இல் திறந்த 'பிட்சாரியம்' என்ற கடையால் இந்த வகைக்கு உலகம் முழுக்கப் பேர் கிடைத்தது. இதற்கு மாவில் தண்ணீர் மிக அதிகம், 100 கிராமுக்கு 75 மில்லிக்குக் குறையாது. பிசையவே முடியாது, ஈரக் கையால் மடித்து மடித்துத்தான் வைக்க வேண்டும். உருளைக்கிழங்கைக் கண்ணாடி மாதிரி மெல்லியதாகச் சீவி, உப்பு நீரில் ஊறவைத்து, பிழிந்து, எண்ணெய் மிளகு பிசறி ஒன்றின்மேல் ஒன்று படியும்படி அடுக்க வேண்டும். நீலகிரியில் விளையும் ரோஸ்மேரி இப்போது சுலபமாகக் கிடைக்கிறது, ஒரு கொத்து உருவிப் போடுங்கள். சாஸும் வேண்டாம், சீஸும் வேண்டாம். ஓரம் சிப்ஸாகக் கருகி, நடுவில் வெண்ணெயாகக் குழைந்து வரும். சீஸ் வாங்கக் காசில்லாத மாதக் கடைசிக்கு இதைப்போல வராது என்று நினைப்பேன். பிறகு மாத முதல் வாரத்திலும் இதையே செய்வேன்.

கோதுமை மாவு சேர்க்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. சேர்க்கலாம், மூன்றில் ஒரு பங்கு வரை. ஆட்டா கல்லில் அரைபடும்போது ஸ்டார்ச் அடிபட்டுத் தண்ணீரை அதிகம் இழுக்கும், மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரத வலையைத் தவிடு அறுக்கும். அதனால் தண்ணீர் கொஞ்சம் கூட்டி, மாவை அரை மணி நேரம் கூடுதலாக ஊறவிடுங்கள். முழுக்க ஆட்டாவில் செய்தால் அது நல்ல சப்பாத்தி, பீட்சாவாக இராது. கேழ்வரகு இன்னும் குறைவாக, 100-க்கு 15 கிராம். நிறமும் மண்வாசமும் வரும், அதற்கு மேல் போனால் உதிரும். இந்தத் தவிட்டு ருசிக்குக் கசப்பான கீரை அபாரமாகப் பொருந்தும். நேப்பிள்ஸில் ஃப்ரியாரியெல்லி என்ற கசப்புக் கீரையைப் பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கி, சாஸ் இல்லாத பீட்சாவில் போடுவார்கள். வெந்தயக்கீரையை அதே மாதிரி வதக்கி, நன்றாகப் பிழிந்து, ஆட்டா கலந்த மாவில் போட்டுப் பாருங்கள். பூண்டை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல்.

குளூட்டன் ஆகாதவர்களுக்கு மைதாவை வேறு எதனாலோ நிரப்பி பீட்சா என்று கொடுப்பதைவிட, இத்தாலியின் லிகூரியா பகுதியில் செய்யும் ஃபரினாட்டாவைச் செய்துகொடுங்கள். கொண்டைக்கடலை மாவு 100 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு. நான்கு மணி நேரம் ஊறவைத்து, மேலே நிற்கும் நுரையை வழித்து, எண்ணெய் தாராளமாக ஊற்றிய சூடான தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, உச்சச் சூட்டில் சுட வேண்டும். நம் கடலை மாவிலும் நன்றாக வருகிறது. மேலே மெல்லிய வெங்காயம், இறக்கியபின் மிளகு. லிகூரியாவின் துறைமுக நகரமான ஜெனோவாவிலிருந்து கப்பலேறியவர்கள் இதை அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பீட்சாத் துண்டின் மேலேயே இதன் ஒரு துண்டை வைத்துச் சாப்பிடும் பழக்கம் இருக்கிறது. அதே ஊரில்தான் வெங்காயத்தைக் குவித்து, அடியில் சீஸை ஒளித்துச் சுடும் ஃபுகசேட்டா என்ற பீட்சாவும் இருக்கிறது. வெங்காயத்தைப் பச்சையாக அரிந்து, உப்பு போட்டுப் பிழிந்து வைத்தால் கருகாமல் வாடும்.

காய்கறிக்கு ஒரே கணக்கு: ஓவனுக்குப் போகும்முன் தண்ணீரை இழந்திருக்க வேண்டும். காளானை எண்ணெய் விடாமல் காய்ந்த சட்டியில் போட்டு, நீர் விட்டு வற்றும்வரை வதக்குங்கள். குடைமிளகாயைத் தீயில் சுட்டுத் தோலுரித்தால் தனி இனிப்பு. அன்னாசியைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கனடாவின் ஒன்டாரியோவில், கிரேக்கத்தில் பிறந்த சாம் பனோபூலோஸ் 1962-இல் ஹாமோடு அதைப் போட்டபோது புளிப்பும் இனிப்பும் உப்பும் சேர்ந்த ருசியைத்தான் தேடினார். டப்பாவிலிருந்து அப்படியே கொட்டினால் சொதசொதப்புதான். தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டு, பச்சை மிளகாயோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பனீர்? அது உருகாது. பாலைப் புளிப்பால் திரிக்கும்போதே உருகும் தன்மை போய்விடுகிறது. ஆகவே மொஸரெல்லா இருக்க வேண்டிய இடத்தில் அதை வைக்காதீர்கள். ஆனால் சிசிலியின் கத்தானியாவில் பொரித்த கத்திரிக்காயும் தக்காளியும் போட்டு, மேலே ரிக்கோட்டா சலாட்டா என்ற உப்புச் சீஸைத் துருவுவார்கள், அதுவும் உருகாத வகைதான். பனீரில் உப்பைத் தேய்த்து, கனமான கல் வைத்து ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இறுக்கி, சூடான பீட்சாமேல் துருவினால் அந்த வேலையை அழகாகச் செய்கிறது. மசாலா பூசிய பனீர்க் கட்டிகளைவிடப் பத்து மடங்கு மேல்.

மிஞ்சிய மாவு உருண்டையை எண்ணெய் தடவி உறையில் கட்டி ஃப்ரீசரில் போடலாம், முதல் நாள் ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் மறுநாள் தயார். மிஞ்சிய துண்டுகளை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஓரம் ரப்பராகிவிடும். தோசைக்கல்லில் சின்னத் தீயில் வைத்து, பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் மூடுங்கள். அடி மறுபடி மொறுமொறுப்பாகும், ஆவியில் சீஸும் இளகும்.